பந்தைப் பார்க்காத மனிதர்

ஒரு மேட்சில்கூட அவர் பந்தைப் பார்த்து நான் கண்டதில்லை. நான்கு வருடம் ஒரே டச் லைனில் அவருக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். பந்து போகிற பக்கம் எங்கள் எல்லோருடைய தலையும் திரும்பும், அவருடையது திரும்பாது. இரண்டு பேர் எகிறி மோதிக்கொண்ட இடத்திலேயே கண்ணை வைத்திருப்பார். பந்து அதற்குள் எதிர் கோலுக்குப் பக்கத்தில் இருக்கும், சுற்றி நிற்கிற கூட்டம் கத்தும், இவர் இந்தப் பக்கம் கீழே விழுந்தவன் எந்தக் காலை முதலில் ஊன்றி எழுகிறான் என்று பார்த்துக்கொண்டிருப்பார். ஆட்டம் முடிந்து மைதானத்து ஓரத்தில் இருந்த எங்கள் டென்ட்டுக்கு நடக்கும்போது, "என்ன சார், ஜெயிச்சிட்டமா?" என்று என்னைக் கேட்பார். கேலி இல்லை. உண்மையிலேயே தெரியாது.

அப்போது ஊருக்குக் கல்கத்தா என்றுதான் பெயர். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் திருச்சிக்காரன். ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் பர்சனல் பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்து, தாராதலாவில் இருந்த தொழிற்சாலைக்கு மாற்றலாகி வந்து, பெஹாலாவில் கம்பெனி குவார்ட்டர்ஸில் குடியிருந்தேன். கல்லூரியில் கால்பந்து ஆடியவன், ஆறு வாரம் கோச்சிங் கோர்ஸ் போனவன் என்று என் ஃபைலில் இருந்தது. கீழ் டிவிஷனில் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்த கம்பெனி டீமுக்கு என்னைக் கோச்சாகப் போட்டுவிட்டார்கள்.

அவர் அதே தொழிற்சாலையின் முதலுதவி அறையில் டிரஸ்ஸர். வெட்டுக்காயத்துக்குக் கட்டுப்போடுவார், கண்ணில் விழுந்த இரும்புத் தூளை எடுப்பார், டாக்டர் வராத நாட்களில் சீட்டு எழுதிக் கொடுப்பார். பாளையங்கோட்டைப் பக்கம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மேட்ச் நாட்களில் ஒரு பக்கெட் ஐஸ், ஸ்பாஞ்ச், பேண்டேஜ் சகிதம் அவரை எங்களோடு அனுப்புவார்கள். நான் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டேன். அதுதான் அவர் பெயர் என்று நினைத்துக்கொண்ட வங்காளி ஆட்டக்காரர்கள், மரியாதைக்கு ஒரு 'தா'வையும் சேர்த்து 'அண்ணாச்சிதா' ஆக்கிவிட்டார்கள்.

அடிபட்டவன் யாராக இருந்தாலும் முதலில் சொல்வது, "கிச்சு ஹொய்னி, தாதா." ஒன்றும் ஆகவில்லை. இருபது வருடம் வங்காளத்தில் இருந்தும் அண்ணாச்சி நம்பாத ஒரே வங்காளி வாக்கியம் அது. காலைப் பிடித்துக்கொண்டு அலறுகிறவனிடம் அவர் அவசரமே படமாட்டார். தலையில் இடி வாங்கிவிட்டு, ஷார்ட்ஸைத் தட்டிக்கொண்டு சிரிக்கிறவனிடம்தான் ஓடுவார்.

"சிரிக்கான் பாத்தீங்களா? அடிபட்டவன் எதுக்கு சார் சிரிக்கணும்?"

பெயரைக் கேட்கமாட்டார். "பேரு செத்துக்கிட்டு இருக்கவனுக்கும் தெரியும்" என்பார். முதல் பாதியில் நாம் எந்தப் பக்கம் பார்த்து ஆடினோம், கடைசி கோல் யார் போட்டது, காலையில் என்ன சாப்பிட்டாய், போன மேட்ச் யாரோடு? இப்படி நாலு கேள்வி, திருநெல்வேலி ராகத்தில் உடைந்த வங்காளியில். இத்தனைக்கும் கடைசி கோல் யார் போட்டதென்று அவருக்கே தெரியாது. பதில் சரிதானா என்று ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பார். கொஞ்சம் தயங்கினாலும் போதும். உட்காரவைத்து, இடது கால் பூட்ஸைக் கழற்றி, அதைத் தன் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வார். ரெஃபரி வரட்டும், டீம் செக்ரட்டரி வரட்டும், அந்த பூட்ஸ் அன்று திரும்பி வராது.

துர்கா பூஜாவுக்கு முந்தைய வாரம் என் மனைவிக்குச் சேலை எடுக்கக் கரியாஹாட் கடைத்தெருவுக்குப் போயிருந்தோம். பேரம் பேச வங்காளி தெரிந்த ஆள் வேண்டுமென்று அவரையும் கூட்டிப்போனோம். நடைபாதைக் கடைக்காரர் ஒருவர் குனிந்து நிமிரும்போது பந்தலுக்குக் கட்டியிருந்த மூங்கில் மண்டையில் இடித்தது. தேய்த்துக்கொண்டு, "கிச்சு ஹொய்னி" என்றார். அவ்வளவுதான். அண்ணாச்சி அந்தக் கடையைவிட்டு நகரவில்லை. ஒரே சேலையைக் காட்டி விலை கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். மூன்றாவது முறையும் கேட்டார். என் மனைவி பொறுமையிழந்து, "என்ன அண்ணாச்சி, இந்தக் கலர் எனக்கு வேண்டாம்னு சொன்னேனே" என்றாள்.

"சேலைக்கு இல்லம்மா. ஒவ்வொரு தடவையும் வேற வெல சொல்லுதான். அதான் யோசனையா இருக்கு."

"கரியாஹாட்ல எவன் அண்ணாச்சி ரெண்டு தடவை ஒரே விலை சொல்லியிருக்கான்?"

அவர் அதை நிஜமாகவே யோசித்தார். "அதும் சரிதான்" என்று சொல்லிவிட்டு, ஆனாலும் கால் மணி நேரம் எதிரே நின்று அந்த ஆள் சில்லறை எண்ணுவதைப் பார்த்த பிறகுதான் வந்தார். வீட்டில் நாங்கள் இதைப் பல நாள் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

டீமுக்குள் எனக்கு அவ்வளவு சிரிப்பு வரவில்லை. இரண்டாவது வருடம் எங்கள் சிறந்த ஃபார்வர்டை ஹாஃப் டைமுக்கு முன்னாலேயே உட்காரவைத்துவிட்டார். அவனுக்கு உண்மையில் ஒன்றுமே இல்லை. காலையில் சாப்பிட்டதைச் சொல்லத் தயங்கினான், ஏனென்றால் சாப்பிடாமல் வந்திருந்தான். அந்த மேட்ச் தோற்றோம். டென்ட்டில் ஸ்டூவும் டோஸ்ட்டும் தின்றுகொண்டிருந்தபோது கோபத்தில் கேட்டேன்: "இப்ப என்ன சொல்றீங்க?"

"என்ன சொல்ல? தப்பா எடுத்துட்டேன். தோத்த மேட்ச அடுத்த வருசம் ஆடிக்கிடலாம் சார்." ரொட்டியைத் தொட்டுத் தின்றுவிட்டு, அவரே மேற்கொண்டு சொன்னார்: "நான் பாக்கது வாரத்துல ஒரு மணி நேரம். தெனம் காலைல ஆறு மணிக்கு அவனுவளப் பாக்கது நீங்கதான். எவன் எப்படி ஓடுவான், எவன் எப்படிப் பேசுவான்னு உங்களுக்குத்தான் தெரியும். மாறிப்போச்சுன்னா மொதல்ல தெரியவேண்டியது உங்களுக்கு. நான் கேள்வி கேட்டுத் தெரிஞ்சுக்கிடுததை, நீங்க பாத்தே சொல்லிரலாம்."

என் ஆறு வார கோர்ஸில் முதலுதவிக்கு அரை நாள் ஒதுக்கியிருந்தார்கள். சுளுக்கு, தசைப்பிடிப்பு, எலும்பு முறிவு. தலையைப் பற்றி யாரும் பேசியதாக நினைவில்லை. அது மருந்துப்பெட்டிக்காரர் சமாசாரம், என் வேலை கோல் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது வசதியாகவும் இருந்தது.

அவர் ஏன் இப்படி ஆனார் என்பதை ஒரு முறைதான் சொன்னார். அதை என்னிடம் மட்டும்தான் சொன்னார்.

தொழிற்சாலையில் கதவடைப்பு நடந்த வாரம். முதலுதவி அறைக்கு யாரும் வரவில்லை. ஸ்டவ்வில் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, கேட்காமலேயே ஆரம்பித்தார். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு ஃபிட்டர் வந்திருக்கிறார். பாரம் தூக்குகிற செயின் பிளாக்கின் கொக்கி ஊசலாடி வந்து பொட்டில் தட்டியிருக்கிறது. ரத்தம்கூடப் பெரிதாக இல்லை. சிரித்துக்கொண்டே வந்தாராம். கூடவே ஃபோர்மேன். வேலை பாதியில் நிற்கிறது, சீக்கிரம் அனுப்பு என்று கதவில் சாய்ந்து நின்றிருக்கிறார். டாக்டர் வராத நாள். அண்ணாச்சி பிளாஸ்திரி ஒட்டி, சீட்டில் 'ஃபிட்' என்று எழுதிக் கொடுத்தார்.

"சாயங்காலம் கேட்ல பாத்தேன் சார். சைக்கிள எங்க விட்டோம்னு தேடிக்கிட்டு இருந்தாரு. கையில பிடிச்சிக்கிட்டே தேடுதாரு. நான் சிரிச்சேன். அவரும் சிரிச்சாரு. மறுநாள் காலைல அவரு தம்பி வந்து சொல்லுதான், அண்ணன் எந்திரிக்கல்லன்னு."

டீ ஆறிப்போயிருந்தது. "இத வங்காளில சொல்ல எனக்கு வரல்ல. வீட்லயும் சொன்னதில்ல. உங்ககிட்ட தமிழ்ல சொல்லிட்டேன், அவ்வளவுதான்" என்றார். நான் அவர் தோளைத் தொட்டேன். அந்த நிமிடத்தில் எனக்கு அவர்மேல் இருந்த பிரியம் பொய்யில்லை. அதனால்தான் பின்னால் நடந்ததை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நான்காவது வருடம், ஆகஸ்ட் மாதம். அந்த மேட்ச்சை ஜெயித்தால் டிவிஷனில் தங்குவோம், இல்லாவிட்டால் கீழே இறங்குவோம். கீழே இறங்கினால் டீமையே கலைத்துவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு இருந்தது. ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் தற்காலிக வேலையில் இருந்தார்கள். டீம் இருக்கிறவரைக்கும்தான் அவர்களுக்கு வேலை. எங்கள் ஸ்டாப்பரும் அதில் ஒருவர். இருபத்தேழு வயது, கல்யாணமானவர், இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. டிஃபன்ஸின் நடுவில் நிற்கிற ஆள்; வருகிற பந்தையெல்லாம் தலையால் அடித்துத் திருப்புவார். இன்னொரு குணமும் அவருக்கு உண்டு. வாய் ஓயாது. தொண்ணூறு நிமிடமும் டிஃபன்ஸ்காரர்களை அதட்டிக்கொண்டே இருப்பார். "மேலே ஏறு, ஆளைப் பிடி, தூங்குறியா" என்று அவர் போடுகிற சத்தம் எங்களுக்கு மைதானத்தின் சத்தம் மாதிரியே பழகிப்போயிருந்தது.

மழை விட்டு விட்டுப் பெய்தது. பந்து தண்ணீர் குடித்துக் கனத்திருந்தது. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னால் இருந்தோம். இருபது நிமிடம் பாக்கி. மாற்று ஆட்டக்காரர்கள் எல்லோரையும் இறக்கியாகிவிட்டது. எதிர் டீமின் ஃபார்வர்டும் எங்கள் ஸ்டாப்பரும் ஒரே பந்துக்கு எகிறினார்கள். மண்டையும் மண்டையும் மோதிய சத்தம் டச் லைன்வரை கேட்டது. இருவரும் விழுந்தார்கள். ஃபார்வர்ட் எழுந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். ஸ்டாப்பர் கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு எழுந்தார். எழுந்து, எங்கள் கோலுக்கு முதுகைக் காட்டி, எதிர் கோலை நோக்கி நடக்க ஆரம்பித்தார். யாரோ பிடித்துத் திருப்பினார்கள். எங்கள் பக்கம் பார்த்துக் கையை ஆட்டினார். "கிச்சு ஹொய்னி."

அண்ணாச்சி அதற்குள் உள்ளே ஓடியிருந்தார். கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்து, பெஞ்சில் உட்காரவைத்து, வழக்கமான கேள்விகள். இந்தப் பாதியில் எந்தப் பக்கம் ஆடுகிறோம்? ஸ்டாப்பர் அவரையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஸார், ஸ்கோர் எத்தனை?" என்றார். சொன்னேன். ஐஸை வைக்கிற நேரத்துக்குள் மறுபடி கேட்டார், "ஸார், ஸ்கோர் எத்தனை?"

பூட்ஸ் கழன்றுவிட்டது. அண்ணாச்சி அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"முடிஞ்சுது சார். இவர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவணும்."

"பத்து பேரோட இருபது நிமிஷம் எப்படி அண்ணாச்சி தாங்கறது? ஸ்டாப்பர் இல்லாம?"

"அது எனக்குத் தெரியாது. இவரு கண்ணு சரியில்ல."

உள்ளே எங்கள் ஆட்கள் பத்துப் பேராக அடி வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பந்து போஸ்ட்டில் பட்டுத் திரும்பியது. செக்ரட்டரி பின்னாலிருந்து என் பெயரைச் சொல்லிக் கத்தினார். ஸ்டாப்பரும் எழுந்து நின்று, "என்னை விடுங்க ஸார், நான் போறேன்" என்றார். அவர் போகத்தான் ஆசைப்பட்டார் என்று பிற்பாடு எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது உண்மை. இன்னொன்றும் உண்மை, அதை யாரிடமும் சொன்னதில்லை. அவர் நின்ற விதத்தை நான் பார்த்தேன். எங்கள் டிஃபன்ஸ் கண்முன்னே சிதறிக்கொண்டிருந்தது, ஒரு வார்த்தை அதட்டவில்லை. நான்கு வருடத்தில் முதல்முறையாக அவர் வாய் மூடியிருந்தது. அண்ணாச்சி எந்தக் கேள்வியும் கேட்டிருக்கத் தேவையில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தபின்தான் நான் பேசினேன்.

"பூட்ஸைக் குடுங்க அண்ணாச்சி."

"மாட்டேன் சார்."

அண்ணாச்சியோடு நான் எப்போதும் தமிழில்தான் பேசுவேன். அப்போது வங்காளியில் பேசினேன். பெஞ்சில் இருந்த ஆட்டக்காரர்கள், செக்ரட்டரி, தண்ணீர் கொடுக்கிற பையன், எல்லோருக்கும் புரியவேண்டும் என்றே பேசினேன்.

"ஒரு மனுஷனுக்கு ஃபிட்னு எழுதிக் குடுத்துக் கொன்னது நீங்க. அந்தப் பாவத்தைக் கழுவ என் டீம்தான் கிடைச்சுதா?"

அண்ணாச்சியின் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கடைத்தெருவில் கூட்டத்துக்கு நடுவில் வேட்டி அவிழ்ந்துவிட்டவர் மாதிரி சுற்றிலும் ஒரு தடவை பார்த்தார். பிறகு மெதுவாக எழுந்தார். அடியில் இருந்த பூட்ஸை எடுத்து, என்னிடம் தரவில்லை, ஸ்டாப்பரின் காலடியில் வைத்தார். குனிந்து லேஸும் அவரே கட்டிவிட்டார், ஏனென்றால் ஸ்டாப்பரின் விரல்களுக்கு அது வரவில்லை. அதையும் நான் பார்த்தேன்.

ஸ்டாப்பர் உள்ளே போனார். அந்த இருபது நிமிடத்தில் எத்தனை பந்தைத் தலையால் அடித்தார் என்று தெரியாது. கடைசி கார்னரை அடித்தது மட்டும் நினைவிருக்கிறது. அடித்துவிட்டு மண்டியிட்டார், எழுந்தார். விசில் அடித்தது. ஜெயித்துவிட்டோம்.

டென்ட்டில் ரசகுல்லா பானை வந்தது. பெரிய அதிகாரிகள் வந்தார்கள். ஃபோட்டோ எடுத்தார்கள். நான் நடுவில் நின்றேன். அந்தச் சத்தத்துக்குள் அண்ணாச்சி வந்து என் கையைத் தொட்டார்.

"சார், வாந்தி எடுக்காரு. ஒரு கண்ணு பாப்பா பெருசா நிக்குது. வாங்க, போவம்."

"நீங்க கூட்டிட்டுப் போங்க அண்ணாச்சி. ஜி.எம். இருக்காரு. நான் பின்னாடியே வர்றேன்."

மழையில் டாக்ஸி நிற்கவில்லையாம். அண்ணாச்சி நடுரோட்டில் இறங்கிக் கையை விரித்து ஒன்றை மறித்திருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்டாப்பருக்கு நினைவு போய்விட்டது. மண்டையைத் திறந்து உறைந்த ரத்தத்தை எடுத்தார்கள். நான் மறுநாள் காலை பத்து மணிக்குப் போனேன். அண்ணாச்சி வராந்தாவில் அதே ஈரச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டாப்பரின் மனைவி. என்னைக் கண்டதும் அண்ணாச்சி எழுந்து, "உயிருக்கு ஒண்ணுமில்லங்காவ சார்" என்றார். எப்போதும் போல 'சார்'.

கம்பெனியில் விசாரணை வைத்தார்கள். மூன்று பேர் கொண்ட கமிட்டி. நான் எழுதிக் கொடுத்த விளக்கம் அரைப் பக்கம்தான். "முதலுதவி ஊழியர் காலணியைத் திருப்பி அளித்தார். அதன் பிறகே ஆட்டக்காரர் களமிறங்கினார்." ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆங்கிலத்தில் அதைத் திருத்தித் திருத்தி எழுத எனக்கு ஒரு மாலை முழுக்கப் பிடித்தது. பெஞ்சில் இருந்தவர்களை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் பர்சனல் அதிகாரிக்கு எதிராக யார் பேசியிருப்பார்கள்?

அண்ணாச்சியைக் கூப்பிட்டார்கள். பூட்ஸை நீங்கள்தான் கொடுத்தீர்களா என்று கேட்டார்கள்.

"ஆமா. நான்தான் குடுத்தேன்."

யாராவது வற்புறுத்தினார்களா?

"பூட்ஸ் எங்கிட்டதான இருந்துது. நான் குடுக்காம எப்படிப் போவும்?"

நான் அதே அறையில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்காகச் சொன்னாரா என்று நீண்ட நாள் யோசித்திருக்கிறேன். இல்லை என்றுதான் படுகிறது. அவர் மனதில் அது அப்படித்தான் இருந்தது. அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், ஒரு இன்க்ரிமென்ட் நின்றது, டீமோடு போகக்கூடாது என்று உத்தரவாயிற்று. அந்தக் கடிதத்தை டைப் செய்யக் கொடுத்ததும் என் பிரிவுதான். அடுத்த வருடம் வந்த புது டிரஸ்ஸர் பந்தைத்தான் பார்த்தார். எனக்கு அது சௌகரியமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இரண்டு மேட்ச்சுக்குப் பிறகு உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு கோச் பொறுப்பிலிருந்து விலகினேன். உண்மைக் காரணத்தை அப்போதும் எழுதவில்லை.

ஸ்டாப்பர் பிழைத்தார். வலது கை சரியாக வரவில்லை. பேச்சு இழுத்து இழுத்து வந்தது. வெளிச்சம் கூசும், சத்தம் ஆகாது, திடீரென்று கோபம் வரும். யூனியன் போராடியதில் அவர் மனைவிக்குக் கேன்டீனில் வேலை கிடைத்தது. இதெல்லாம் நான் காதால் கேட்டதுதான். அண்ணாச்சி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஸ்டாப்பர் வீட்டுக்குப் போய் அவருக்குச் சவரம் செய்துவிடுகிறார் என்பதும் அப்படிக் கேட்டதுதான். எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து அந்த வீடு நடக்கிற தூரம். நான் போகவில்லை. பஸ்ஸுக்குப் போகிற வழியை மாற்றிக்கொண்டேன்.

பிறகு எனக்கு வேறு ஊருக்கு மாற்றல், பதவி உயர்வு, திரும்பவும் கல்கத்தா, அதற்குள் கொல்கத்தா. நியூ டவுனில் பதினோராவது மாடியில் ஒரு ஃப்ளாட் வாங்கினேன். ஒரு நாள் அண்ணாச்சி ஃபோன் செய்தார். யாரிடமோ நம்பர் வாங்கியிருக்கிறார். ரிட்டயர் ஆகிச் சில வருடம் ஆயிற்று, தூத்துக்குடியில் மகள் வீட்டோடு போய்விடப் போவதாகச் சொன்னார். "சொல்லாம போனா நல்லாருக்காதுல்லா, அதான்." என் மனைவியை விசாரித்தார். கரியாஹாட் சேலையைப் பற்றிக்கூட ஞாபகமாகக் கேட்டார். நான் பதினாறு வருடமாகக் கேட்காத கேள்வியைக் கேட்டேன்.

"அவர் எப்படி இருக்கார் அண்ணாச்சி?"

"போய்ப் பாருங்களேன் சார். ஒண்ணும் சொல்ல மாட்டாவ."

"அண்ணாச்சி, அன்னைக்கு நான் சொன்னது..."

"சவத்த விடுங்க சார். அதெல்லாம் எதுக்கு இப்ப? பொண்ணு காலேஜ் போவுது. அதப் போய்ப் பாருங்க." வைத்துவிட்டார். நான் மன்னிப்புக் கேட்டேனா? வாக்கியத்தை ஆரம்பித்தேன், அவ்வளவுதான். அவர் குறுக்கே பேசியது எனக்கு நிம்மதியாகவும் இருந்தது.

போனேன். அண்ணாச்சி ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், பெஹாலாவில் குறுகலான ஒரு சந்து. கதவைத் திறந்த பெண்மணிக்கு என்னைத் தெரியவில்லை. நான் யாரென்று சொன்னதும் அவள் முகம் மாறியது. வாசலிலேயே திட்டி அனுப்பினால் நல்லது என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன். அவள் சேலைத் தலைப்பைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, உள்ளே பார்த்து வங்காளியில் சத்தமாகச் சொன்னாள்:

"யார் வந்திருக்காங்க பாரு! கோச் ஸார்! உன்னை டாக்ஸியில தூக்கிட்டுப் போனாரே, அவர்!"

எனக்கு முதலில் புரியவில்லை. உட்காரவைத்துத் தட்டில் சந்தேஷ் இனிப்பு கொண்டு வந்தாள். நின்றுகொண்டே பேசினாள். "அண்ணாச்சிதா எல்லாம் சொல்லியிருக்கார் ஸார். மழையில டாக்ஸி நிக்காம, நீங்க நடுரோட்டுல கையை விரிச்சு நின்னதை. நான் ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்குள்ள நீங்க கிளம்பிட்டீங்களாம். இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா பிழைச்சிருக்க மாட்டார்னு டாக்டரே சொன்னார். தப்பு தன்மேலதான்னு அண்ணாச்சிதா ஆஸ்பத்திரியிலேயே எங்கிட்ட சொல்லிட்டார். அவர்மேல எங்களுக்குக் கோவமில்ல. எத்தனை வருஷம் இவரைப் பார்த்துக்கிட்டார்! ஆனா உயிர் உங்களாலதான் ஸார்."

ஸ்டாப்பர் ஜன்னல் சாத்திய அறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். தலை நரைத்திருந்தது. இரண்டு மூன்று நாள் தாடி. என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த மேட்ச் மட்டுமில்லை, அந்த வருடமே அவருக்கு நினைவில்லை என்று மனைவி சொன்னாள். என்னை மட்டும் தெரிந்தது. "ஸா...ர்" என்றார். இடது கையை நீட்டி, என் பாதத்தைத் தொடக் குனிந்தார்.

பாதி குனியும்போதே தடுமாறினார். தோளைப் பிடித்துத் தடுத்தேன். அவருடைய முழு கனமும் என் இரண்டு கையிலும் இருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவருடைய பெண் உள்ளே இருந்து வந்து கதவருகில் நின்றாள். பார்த்தாள். மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுல என்ன இருக்கு?" என்றேன். "கோச்சோட கடமைதானே அது."